நைட்டி போட்ட பைக்

எங்கள் வீட்டில் சட்டை போடாத பொருள் கிடையாது. மிக்ஸிக்கு ஒன்று, கிரைண்டருக்கு ஒன்று, கேஸ் சிலிண்டருக்கு இடுப்பில் நாடா வைத்து ஒன்று. டி.வி. ரிமோட்டுக்குக்கூட உண்டு, அந்தச் சட்டைக்கு மேலாக எந்தப் பட்டனை அமுக்கினாலும் செய்திதான் வரும். அம்மா தளவாய்புரத்துக் கம்பெனி ஒன்றுக்காக வீட்டிலிருந்தே நைட்டி தைக்கிறாள். வெட்டியது போக மிஞ்சுகிற பூப்போட்ட துணியைத் தூரப் போட அவளுக்கு மனம் வராது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். போனதோடு நிற்காமல் இயற்பியலில் பட்டமும் வாங்கினேன். அந்தச் சான்றிதழுக்கும் மஞ்சள் பூப்போட்ட உறை ஒன்று இருக்கிறது, ஜிப் வைத்து. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா காபி கொடுத்த கையோடு ஜிப்பைத் திறந்து முத்திரையை மட்டும் காட்டிவிட்டு மூடிவிடுவாள். முழுதாக வெளியே எடுத்தால் கண்பட்டுவிடுமாம்.

இப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். நூலை இழுத்து எப்போது அறுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. சோதனைக்கூடத்து ஜன்னலைத் திறந்தால் மேற்கே மலை. மலையில் வண்டி விட வனத்துறை விடாது, விடவும் கூடாது. ஆனால் மலைக்கும் ஊருக்கும் நடுவே மாந்தோப்புப் பாதைகளும் ஓடைகளும் கண்மாய்க்கரைகளும் கிடக்கின்றன. அதில் குதித்துக் குதித்துப் போகிற பைக் ஒன்று வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை.

எங்கள் வீட்டில் இதுவரை வாங்கிய எல்லாப் பொருளுக்கும் ஒரு காரணம் இருந்தது. சைக்கிள் அப்பா லோடு ஏற்றப் போக, மொபெட் துணிக்கட்டு கொண்டுவர. காரணமே இல்லாமல் ஒரு பொருளுக்கு ஆசைப்பட்ட முதல் ஆளும் நான்தான். இதற்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன்.

பழைய பைக் ஒன்று தேவதானத்தில் இருப்பதாகப் போனில் பார்த்தேன். பஸ் ஏறிப் போனேன். விற்பவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மீசை நன்றாக முறுக்கியிருந்தது. மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில் பைக் நின்றது. அதன் அடியில் ஒரு வெள்ளை நாய், எங்கள் ஊர்ச் சாதி நாய், நீளக் கால்களை மடக்கிக்கொண்டு படுத்திருந்தது.

“வண்டி யாருக்கு தாயி?” என்றார்.

“எனக்குத்தான் அண்ணாச்சி.”

அவர் என் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தார். “கூட யாரு வந்திருக்கா?”

“பஸ்ஸு வந்துச்சு. இறக்கி விட்டுட்டுப் போயிருச்சு.”

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. வண்டியை விற்கச் சொன்னதே அந்த அம்மாள்தான் என்று பிறகு தெரிந்தது. அண்ணாச்சிக்கு விற்க மனமே இல்லை. அதனால் எனக்குப் பரீட்சை வைத்தார்.

“இது கிக்கர் வண்டி. பட்டனை அமுக்குனா கிளம்புத வண்டி இல்ல. மிதி பாப்போம்.”

வண்டியின் உயரம் என் விலாவரைக்கும் வந்தது. சீட்டில் உட்கார்ந்தால் ஒரு கால்தான் தரையைத் தொடும், அதுவும் கட்டைவிரல். நான் கொட்டகைத் திண்டின் மேல் ஏறி நின்றுகொண்டு முழு உடம்பையும் கிக்கரின் மேல் போட்டேன். கிக்கர் என்னைத் திருப்பிப் போட்டது. மறுபடி மிதித்தேன். அது இருமியது. அடுத்த மிதிக்கு வண்டி உறுமிக் கிளம்பியதும் நாய் எழுந்து நின்று வாலை ஆட்டியது. அண்ணாச்சியின் மீசை கொஞ்சம் இறங்கியது.

“ஒரு வாரம் வச்சிரு. வீட்டுல பிடிக்கலைன்னா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானே வந்து எடுத்துக்கிடுதேன்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது இரக்கம் அல்ல, நம்பிக்கை.

ஓட்டிக்கொண்டு வந்தேன். சேத்தூர் வந்ததும் போன் அடித்தது. ஓரம் நிறுத்தி எடுத்தேன்.

“தாயி, திரும்பிப் பாரு. பின்னாடி நாய் வருதா?”

திரும்பினேன். நாய் என் பின் டயருக்குப் பக்கத்தில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அடுத்து எங்கே என்பதுபோல் நின்றது. அண்ணாச்சி ஷேர் ஆட்டோவில் வந்து அதைக் கூட்டிப் போனார். வரமாட்டேன் என்று அது என் பின் டயரைக் கட்டிக்கொண்டு ஊளையிட்டது. சேத்தூர் கடைவீதியே என்னை நாய் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்து, கோயில் சுற்றுவதுபோல் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“ஏட்டி, இதென்ன வெட்டுக்கிளி மாதிரி நிக்கி?”

“மலைப்பாதைல ஓட்டுத வண்டிம்மா. அப்படித்தான் இருக்கும்.”

“மட்கார்டு ஏன் டயரை விட்டு இம்புட்டு தள்ளி நிக்கி? ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லையோ?”

“சேறு அடைக்காம இருக்கதுக்கு.”

“பின்னாடி சாரி கார்டு எங்க?”

“இந்த வண்டிக்கு வராதும்மா.”

அம்மா நின்றுவிட்டாள். “அப்ப நான் எங்க உக்காருவேன்?”

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வண்டியின் எடையைக் குறைக்கப் பின் சீட்டையே அறுத்து எடுத்துவிடுவது என்று நான் திட்டம் போட்டிருந்தேன். புவியீர்ப்பு மையம், எடைப் பரவல் என்று அம்மாவுக்கு விளக்கினேன். பேப்பரில் படம்கூடப் போட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“மையம் எங்க வேணாலும் இருக்கட்டும். பெத்தவ உக்கார எடமில்லாத வண்டி இந்த வீட்டுல நிக்காது. அம்புட்டுத்தான்.”

செத்த நேரம் வாக்குவாதம் நடந்தது. முடிவில் ஒப்பந்தம் ஆனது. புது வண்டி வாங்கினால் முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆண்டாளைப் பார்ப்பது எங்கள் தெரு வழக்கம். ஞாயிற்றுக்கிழமை அம்மா என் பின்னால் உட்கார்ந்து கோயிலுக்கு வருவாள். முழுசாகத் திரும்பி வந்து, அவளுக்கும் பிடித்திருந்தால் வண்டி நிற்கும். இல்லாவிட்டால் அன்று சாயங்காலமே தேவதானம் போய்விடும். அப்பா அப்போது லோடு வண்டியில் வெளியூர் போயிருந்தார். போனில் கேட்டதற்கு, “உங்க அம்மா சொன்னா சரிதான்” என்றார். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார்.

ஆக, ஒரே வாரத்தில் ஒரே வண்டியை ஓடையில் குதிக்கவும் தயார் செய்ய வேண்டும், சேலை கட்டிய அம்மா ஒருபக்கமாக உட்காரவும் தயார் செய்ய வேண்டும். முடங்கியார் ரோட்டில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். அவர் வாழ்நாள் முழுக்க மொபெட் மட்டும் பார்த்தவர். எதைக் கேட்டாலும் “பண்ணிருவோம்” என்பார். நான் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லுவதால் எனக்கு டீச்சர் என்று பெயர் வைத்திருந்தார்.

“அண்ணே, பின்னாடி பல்சக்கரம் பெருசு போடணும். வேகம் குறையும், இழுவை கூடும்.”

“பண்ணிருவோம் டீச்சர்.”

“டயர் ரெண்டும் பட்டன் டயர். மண்ணைக் கவ்வுத மாதிரி கட்டை கட்டையா துருத்திக்கிட்டு இருக்குமே, அது.”

“பண்ணிருவோம். அடியில நீல லைட்டு போடுவமா?”

“வேண்டாம்ணே. என்ஜினுக்கு அடியில கல்லு அடிக்காம ஒரு தகடு போடுங்க.”

“தகட்டுல லைட்டு போடுவமா?”

நீல லைட்டைத் தடுப்பதற்கே எனக்குப் பாதிச் சக்தி போனது. மீதிச் சக்தி அம்மாவிடம் போனது. நான் மில்லுக்குப் போனபிறகு அவள் பட்டறைக்கு வந்து தனியாக உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அண்ணன் அவளிடமும் “பண்ணிருவோம்” என்றே சொல்லியிருக்கிறார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் வண்டியின் இடதுபக்கம் ஒரு ஜன்னல் நின்றது.

ஜன்னலேதான். இந்த வண்டிக்கு ஏற்ற சாரி கார்டு எங்கும் கிடைக்கவில்லை என்று, பக்கத்துப் பட்டறையில் வீட்டுக்கு ஜன்னல் கிராதி செய்பவரிடம் சொல்லிச் செய்திருந்தார்கள். அவருக்குத் தெரிந்த டிசைன் ஒன்றே ஒன்று. தோகை விரித்த மயில். அது என் பின் சக்கரத்தை மறைத்துக்கொண்டு, கொண்டையை ஆட்டியபடி நின்றது. வெல்டிங் சரியாக இல்லாததால் கொண்டை நிஜமாகவே ஆடியது.

“அண்ணே, இது என்ன எடை இருக்கும்?”

“மயிலு கொஞ்சம் கனம்தான் டீச்சர். ஆனா பாருங்க, ரெண்டு நட்டைத் திருகுனா கழண்டு வந்துரும். ஓடைக்குப் போறப்ப கழட்டி வச்சிருங்க.”

ஒரு வாரத்துக்கு மட்டும்தான், ஆண்டாளைப் பார்த்துவிட்டு வந்ததும் மயில் பறந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் சீட்டுக்குச் சட்டை வந்தது. நீல நிறம், அதில் வெள்ளைச் செம்பருத்தி. ஓரமெல்லாம் பைப்பிங். முன்பக்கம் நைட்டிக்கு வைக்கிற மாதிரியே சில்லறை போட ஒரு பை. பெட்ரோல் டாங்கிக்கும் அதே துணியில், மூடி திறக்க ஓட்டை விட்டு, பட்டன் வைத்து ஒரு மேல்சட்டை. தெருவில் வண்டியை நிறுத்தினால் யாரோ துவைத்துக் காயப்போட்ட மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு அத்தை, “ஏட்டி, வண்டிக்கு இது எக்ஸ்எல்லா, டபுள் எக்ஸ்எல்லா?” என்று கேட்டாள். தினமும் கேட்டாள்.

தேவதானத்து அண்ணாச்சியும் தினமும் போன் செய்தார். வண்டியைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டார்.

“அம்மா என்ன சொல்லுதாவ?” என்பார்.

“ஞாயித்துக்கிழமைதான் தெரியும் அண்ணாச்சி.”

“நாய் சோறு திங்க மாட்டேங்கு. வண்டிச் சத்தம் கேட்டுத்தான் திங்கும், பழகிருச்சு” என்று பெருமூச்சு விடுவார். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் ஒரு நாயின் வயிற்றுக்காக என் ஓடைகளை விட்டுக்கொடுக்க முடியுமா?

கடைசிச் சிக்கல் ஏறுவது. சீட்டு என் விலா உயரம் என்றால் அம்மாவுக்கும் அதே உயரம்தான். நான் அவள் மகள்தானே. சேலையோடு ஒருபக்கமாக அதில் ஏற முடியாது. வீட்டிலிருந்த சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பார்த்தாள். ஏறிவிட்டாள். இப்போது ஸ்டூல் தரையில் நின்றது.

“இதை யாரு எடுக்குறது?” என்றேன்.

அம்மா யோசித்தாள். இறங்கி உள்ளே போனாள். நாடா கோக்கிற கயிற்றில் நல்ல நீளமாக ஒன்றை எடுத்து வந்து ஸ்டூலின் காலில் கட்டி, மறுநுனியைச் சீட்டோடு முடிந்தாள். திரும்பவும் ஏறி உட்கார்ந்து, கிணற்றில் வாளி இறைப்பதுபோல ஸ்டூலை மேலே இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் பட்டம் வாங்கிய அன்று எனக்கு அந்த முகம் இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். மயில், செம்பருத்தி, ஸ்டூல், அம்மா, கடைசியாக நான். அம்மாவின் கொண்டைக்கும் பூவுக்கும் மேலே ஹெல்மெட் இறங்காமல் தொப்பிபோல் நின்றது. கொண்டையைப் பின்னலாக்கிய பிறகுதான் இறங்கியது.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் என் கணக்கு எவ்வளவு சரி என்று தெரிந்தது. பல்சக்கரம் பெரிதானதால் இழுவை கூடியது, வேகம் குறைந்தது. கூடிய இழுவை தார்ரோட்டில் எதற்கும் உதவவில்லை. குறைந்த வேகம் எல்லோருக்கும் தெரிந்தது. என்ஜின் விமானம்போல் அலறியது. எங்களை மாம்பழ வண்டிகள் முந்தின, டவுன்பஸ் முந்தியது. பட்டன் டயர் வேறு தேனீக்கூடு மாதிரி ரீங்காரம் போட்டது. டவுன்பஸ் கண்டக்டர் படியில் தொங்கியபடி, “யக்கா, ஜன்னலோட எங்க போறீய? வீடு மாறுதியளா?” என்றார்.

அம்மா இறங்கச் சொல்லப்போகிறாள் என்று பயந்தபடி ஓட்டினேன். ஒரு மில்லைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஏட்டி, அந்த மில்லுக் காம்பவுண்டுக்குள்ள இம்புட்டு செம்பருத்தி இருக்கு. இத்தனை வருசம் எனக்குத் தெரியலையே.”

அந்த உயரத்திலிருந்து மதில்களுக்கு மேலாக அவளுக்கு எல்லாம் தெரிந்தது. யார் வீட்டில் வடகம் காய்கிறது, யார் வீட்டில் புதிதாக வாஷிங் மெஷின் வந்திருக்கிறது, யார் காலை பத்து மணிக்கும் கட்டிலில் கிடக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லை வரும் வரைக்கும் நேரடி வர்ணனை நடந்தது. அது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று எனக்குப் புரியவில்லை. இரும்புச் சீட்டில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றும் நடுநடுவே சொன்னாள்.

கோயில் வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் ஸ்டூலையும் அவிழ்த்துக் கொடுத்தேன். அங்கிருந்தவர் வாங்கவில்லை. “செருப்புக்குத்தான் டோக்கன் உண்டு. நாற்காலிக்கெல்லாம் கிடையாது” என்றார். பூக்காரம்மா ஒருத்தி, “இங்க வைங்க, நான் பாத்துக்கிடுதேன்” என்று வாங்கினாள். திரும்பி வந்தபோது அவள் அதன்மேல் சௌகரியமாக உட்கார்ந்து துளசி மாலை கட்டிக்கொண்டிருந்தாள். இடுப்புவலியெல்லாம் போய்விட்டதாம். மாலை ஒன்று வாங்கிய பிறகுதான் எழுந்தாள்.

அந்த மாலையை ஹேண்டில்பாரில் கட்டினோம். பிறகு அம்மா பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்தாள். முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று. வண்டி ஏறிப் பழம் நசுங்கினால்தான் கண்ணேறு கழியும். நான் கிளட்ச்சை விட்டு மெதுவாக உருட்டினேன்.

நசுங்கவில்லை. பட்டன் டயரின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே முன் பழம் போய்ச் சொருகிக்கொண்டது. டயரோடு சேர்ந்து மேலே வந்து, மட்கார்டுக்குக் கீழே முழு எலுமிச்சம்பழமாக எட்டிப் பார்த்தது. பின் பழம் துப்பாக்கியிலிருந்து கிளம்பியதுபோல் தெறித்துப் போய்ப் பால்கோவாக் கடைப் பலகையில் அடித்தது. கடைக்காரர் பழத்தை எடுத்துப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

அம்மாவின் முகம் மாறியது. “பழம் நசுங்கலையே. என்னமோ சரியில்ல.”

நான் டயரைக் காட்டினேன். கட்டைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி, பழத்தின் விட்டம் என்று ஆரம்பித்தேன். அம்மா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பூக்காரம்மாதான் குறுக்கே வந்தாள்.

“இது கூடத் தெரியலையா? வண்டி மேல கண்ணேறே இல்ல. அதான் பழத்துக்கு வேலை இல்ல.”

“நைட்டி போட்டிருக்குல்லா, அதான்” என்று கடைக்காரர் சேர்த்துக்கொண்டார்.

அம்மா அரைகுறையாக ஒத்துக்கொண்டாள். பால்கோவா வாங்கினோம். பூக்காரம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, கடைக்காரர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, தேரடியில் நின்றவர்களெல்லாம் பார்க்க, அம்மா ஏறி, கயிற்றை இழுத்து, ஸ்டூலை மடியில் வைத்தாள். யாரோ கை தட்டினார்கள். அம்மா விறைப்பாக நேரே பார்த்தாள்.

“வீட்டுக்குப் போனப்பொறவு சொல்லுதேன்” என்றாள். தீர்ப்பைத்தான்.

திரும்பும் வழியில் பஞ்சுப் பொதி ஏற்றிய லாரி ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. இருபக்கமும் வண்டிகள் அசையாமல் நின்றன. வெயில் ஏறியது. அம்மா ஹெல்மெட்டுக்குள் வேர்த்து, பால்கோவா கெட்டுப்போகும் என்றாள், இடுப்புப் பிடித்துக்கொண்டது என்றாள், மொபெட்தான் நல்லது என்றாள். வண்டி என் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. இடதுபக்கம் பார்த்தேன். ஒரு வண்டிப்பாதை இறங்கி, வற்றிக் கிடந்த கண்மாயின் கரையோடு ஊர்ப்பக்கம் போனது.

“அம்மா, கெட்டியா பிடிச்சுக்கிடு.”

“எங்கட்டி போற?”

போய்விட்டேன். தார்ரோட்டில் வெட்கப்பட்டுக்கொண்டிருந்த வண்டி மண்ணைத் தொட்டதும் ஆளே மாறிவிட்டது. பள்ளத்தைப் பள்ளம் என்று மதிக்கவில்லை. என் பல்சக்கரக் கணக்கு கடைசியில் மானத்தைக் காப்பாற்றியது. பின்னால் அம்மா எங்கள் தெருவின் எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டாள், நடுவில் என்னையும் திட்டினாள். சீமைக்கருவேலம் கிளை ஒன்று மயிலின் தோகையில் மாட்டி எங்களோடு வந்தது. ஸ்டூல் மடியிலிருந்து நழுவி, கயிற்று நீளத்துக்குப் பின்னால் போய், புழுதியைக் கிளப்பிக்கொண்டு துள்ளித் துள்ளித் தொடர்ந்தது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் அதைப் பார்த்துச் சிதறின.

மணல் ஓடை ஒன்று குறுக்கிட்டது. எதிர்க்கரை செங்குத்தாக ஏறியது. பாதி ஏறும்போது கருவேலங்கிளை சக்கரத்தில் சிக்கி வண்டி நின்றது. ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த அம்மா எந்த அவசரமும் இல்லாமல், மாவு வழிவதுபோல், பின்னால் வழிந்து மணலில் உட்கார்ந்தாள். பால்கோவாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

வண்டியைச் சரித்துவிட்டு ஓடினேன். “அம்மா, அடிபட்டுச்சா?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தாள், கரையைப் பார்த்தாள், மயிலைப் பார்த்தாள். சரி, தேவதானம்தான் என்று நினைத்தேன்.

“எல்லாம் இந்த ஜன்னலால வந்தது. கழட்டு அதை.”

“என்னது?”

“கழட்டுங்கேன்.”

நட்டைத் திருகி, கிளையையும் பிடுங்கிவிட்டு, வண்டியைக் கீழே இறக்கினேன். அதற்குள் அவள் எழுந்து மணலைத் தட்டிவிட்டு, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, கொசுவத்தைக் கால்களுக்கு நடுவே வாங்கிப் பின்பக்கம் இறுக்கிச் செருகினாள். தார்பாய்ச்சிக் கட்டு. கல்யாணத்துக்கு முன்பு நடவுக்குப் போகும்போது அப்படித்தான் கட்டுவாளாம், நான் பார்த்ததில்லை. ஓடைக் கரைமேல் ஒரு காலை வைத்தாள், மறுகாலை வீசி வண்டியின் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஸ்டூல் தேவைப்படவில்லை.

“அம்மா, இப்படி உக்காரத் தெரியுமா உனக்கு?”

“வரப்புல நடந்தவட்டி நான். இது என்ன பெரிய வெட்டுக்கிளி. ஏத்து.”

ஏற்றினேன். இந்தத் தடவை எடைப் பரவல் சரியாக இருந்தது. அவள் குனி என்று சொன்ன இடத்தில் நானும் குனிந்தேன், அவளும் குனிந்தாள். வண்டி உறுமிக்கொண்டு கரையேறி, உச்சியில் இரண்டு சக்கரமும் ஒரு நொடி தரையை விட்டு, தொம்மென்று இறங்கியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். முன் டயரில் இருந்த எலுமிச்சம்பழம் அப்போதுதான் நசுங்கியது. சாறு என் முகத்தில் அடித்தது.

“நசுங்கிருச்சு!” என்று அம்மா குதித்தாள். வண்டியே ஆடியது. பிறகு என் தோளைத் தட்டினாள்.

“திருப்பு.”

“எதுக்கு? ஏதாச்சும் விழுந்துருச்சா?”

“ஒண்ணும் விழல. இன்னொரு தடவை ஏத்து.”

எத்தனை தடவை ஏற்றினேன் என்று தெரியாது. வெயில் தாழ்ந்து, பெட்ரோல் முள் கீழே தொட்ட பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பச் சம்மதித்தாள். மயிலை என் முதுகுக்கும் அவள் வயிற்றுக்கும் நடுவே வைத்துக்கொண்டு வந்தோம்.

வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. தேவதானத்து அண்ணாச்சி சொன்ன சொல் தவறாமல் வந்திருந்தார். பக்கத்தில் நாய், கழுத்தில் கயிறு. எங்கள் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே அது கயிற்றோடு அவரையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தது. அண்ணாச்சி எங்களைப் பார்த்தார். தார்பாய்ச்சிய சேலை, தலையெல்லாம் மணல், மடியில் இரும்பு மயில், பின்னால் கயிற்றில் மூன்றே காலோடு ஒரு சிவப்பு ஸ்டூல். அவர் முகம் மலர்ந்தது.

“விழுந்துட்டியளா? நான்தான் அப்பவே நினைச்சேன். பரவால்ல, வண்டிய நான் எடுத்துக்கிடுதேன்.”

“வண்டிய எல்லாம் குடுக்க முடியாது அண்ணாச்சி” என்றாள் அம்மா. வண்டியை விட்டு இறங்கவே இல்லை. “வேணும்னா இந்த மயிலை எடுத்துக்கிடுங்க.”

அண்ணாச்சி மயிலின் கொண்டையைத் தொட்டு ஆட்டிப் பார்த்தார். நாய் பின் டயருக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. அம்மா உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டு வந்து வைத்தாள். நான் ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். நாய் தின்றது. நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது. தட்டு காலியாகும் வரைக்கும் முறுக்கிக்கொண்டே நின்றேன்; தெருவெல்லாம் புகை. பக்கத்து வீட்டு அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு, “நாய்க்கு வண்டிச் சத்தம் தொட்டுக்கிடவா?” என்றாள். இப்போது சில சாயங்காலங்களில் அண்ணாச்சி நாய்க்குச் சோறு வைத்துவிட்டுப் போன் செய்வார். நான் கிக்கரை மிதித்து, போனை சைலன்சருக்குப் பக்கத்தில் பிடிப்பேன்.

பின் சீட்டை அறுக்கும் திட்டம் அதோடு போனது. அதற்குப் பதிலாக, பின் ஃபுட்ரெஸ்டை இரண்டு பக்கமும் போடச் சொல்லி மெக்கானிக் அண்ணனிடம் போனோம். “பண்ணிருவோம்” என்றார். நீல லைட்டை அம்மா ஒத்துக்கொண்டுவிட்டாள்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து பைக் ஓட்டும் குழு ஒன்று மாந்தோப்புப் பக்கம் வருகிறது. நானும் சேர்ந்துகொள்கிறேன், அம்மாவும் வருகிறாள். ஓடையில் சேலை நனைகிறது என்று அவள் தனக்கென்று ஒரு பேன்ட்டும் மேல்சட்டையும் தைத்துக்கொண்டாள். வீட்டில் மிஞ்சியிருந்த துணியில்தான். நீலத்தில் வெள்ளைச் செம்பருத்தி. போன வாரம் குழுவில் ஒருவர் நாங்கள் கரையேறும்போது எடுத்த படத்தை அனுப்பினார். நான் தெளிவாக இருக்கிறேன், வண்டியும் தெளிவாக இருக்கிறது. அம்மா எங்கே முடிகிறாள், சீட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்குப் பின்னால் ஒரு ஹெல்மெட் மட்டும் தனியாக அந்தரத்தில் சிரித்துக்கொண்டு வருகிறது.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். யார் வந்தாலும் அம்மா இப்போது முதலில் அதைத்தான் காட்டுகிறாள். அதற்கு உறை தைக்கவில்லை.